மேசைக்குக் காசு கேட்ட கதை

திருகோணமலையில் நாங்கள் இலவசமாகச் சட்டத் தகவல் சொல்லும் மேசைக்கு, வெருகலில் இருந்து முதல் பஸ் எடுத்து வந்திருந்தார் அந்த அம்மா. கையில் ஒரு புடவைக்கடைப் பை. அதற்குள் பொலித்தீன் பை, பொலித்தீனுக்குள் பால்மாப் பெட்டியின் மட்டை, மட்டைக்கு நடுவில் எட்டாக மடித்த கடிதம். எனக்கு முன்னால் கதிரையில் இருந்த பிறகும் அதைத் தர அவருக்கு மனம் வரவில்லை.

"மிஸ், இதைப் பாத்துப்போட்டு என்னைப் பொலிசில குடுக்க மாட்டீங்கதானே?"

கடிதம் சிங்களத்தில் இருந்தது. அயல்வீட்டுப் பொடியன் மேலே இருந்த அரச இலச்சினையைப் பார்த்துவிட்டு "இது வாரண்ட்" என்று சொல்லியிருக்கிறான். அதைக் கூரை வளையில் செருகி வைத்து மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் மகன் வீட்டில் படுக்கவில்லை, மாட்டுப்பட்டியிலேயே கிடந்திருக்கிறான்.

வாசித்தேன். வாரண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சேருவில மத்தியஸ்த சபையின் அழைப்பு. ஊரில் இணக்கசபை என்போமே, அதுதான். இவர்களுடைய மாடுகள் ஒரு வயலுக்குள் இறங்கி நெல்லைத் தின்றிருக்கின்றன, வயற்காரர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார், வந்து பேசுங்கள் என்று சபை கூப்பிட்டிருக்கிறது. தவணை கடந்துவிட்டது. இணக்கசபை ஆளைப் பிடித்து அடைக்காது, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசவைக்கிற இடம், அங்கே சட்டத்தரணிமாருக்கு வேலையே இல்லை, நீங்களே போய்ப் பேசலாம் என்று சொன்னேன். போகாமல் விட்டால், இணக்கம் வரவில்லை என்று சபை சான்றிதழ் எழுதிக் கொடுக்கும். அதை வைத்து மற்றப் பக்கம் கோட்டுக்குப் போகலாம், அப்போதுதான் செலவு தொடங்கும் என்பதையும் சொன்னேன். பிறகு சிங்களத்தில் ஒரு ஃபோன். புதிதாக ஒரு சனிக்கிழமை கிடைத்தது.

எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் வராது. அம்மா எழும்பவில்லை. "அப்ப அவன் இரவைக்கு வீட்ட வரலாமா?" என்று கேட்டார்.

இது நடந்தது 2021 இல். அன்று பின்னேரம் நன்கொடையாளருக்கான காலாண்டு அறிக்கையை நிரப்ப இருந்தேன். அதில் நிரல்கள் இருந்தன: தாக்கல் செய்த வழக்குகள், நடத்திய பயிற்சிகள், விழிப்புணர்வுக் கூட்டங்கள், விநியோகித்த துண்டுப்பிரசுரங்கள். இந்த அம்மாவை எந்த நிரலுக்குள் போடுவது? வழக்கு இல்லை, பயிற்சி இல்லை, துண்டுப்பிரசுரம் கொடுத்தும் பயனில்லை, அவருக்கு வாசிக்கத் தெரியாது. கடைசியில் "ஏனையவை" என்ற பெட்டிக்குள் 1 என்று எழுதினேன்.

காசு கேட்டு அலைந்த ஐந்தாறு வருடத்தில் நான் முட்டிக்கொண்ட சுவர் அந்தப் பெட்டிதான். சட்டத்தரணி வைக்க முடியாத மனிதருக்கு முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் வழக்கு இல்லை. கையில் இருக்கும் கடதாசி என்ன கடதாசி, அதை எங்கே கொண்டுபோவது, எத்தனை நாளைக்குள் கொண்டுபோவது, வெறுங்கையோடு போகலாமா என்று சொல்ல ஒரு ஆள். அந்த ஆள் ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அந்த இருப்புக்குத்தான் காசு வேண்டும், அதற்குத்தான் ஒருவரும் தருவதில்லை.

நான் சட்டத்தரணி இல்லை. திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் பதினேழு வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். உறுதி அடித்தேன், சத்தியக் கடதாசி அடித்தேன், பெட்டிசம் அடித்தேன். சிங்களம் கந்தளாயில் வளர்ந்ததால் வந்தது. மேசை போடவேண்டும் என்ற எண்ணம் வந்தது ஒரு வயதானவரால். சண்டை நாட்களில் விட்டுவிட்டு ஓடிய காணியில் வேறொருவர் வேலி போட்டு இருபது வருடமாக இருக்கிறார். இங்கே பத்து வருட ஆட்சி என்பது பொல்லாத சாமான், அடுத்தவர் காணியைப் பத்து வருடம் தன்னுடையதாக வைத்திருந்தவர் அதற்கு உரிமை கேட்கலாம்; 1871 இல் வந்த கட்டளைச்சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. யுத்தத்தால் காணிக்குத் திரும்ப முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது அது. ஆனால் அந்தச் சலுகையை வைத்து வழக்குப் போட அது கொடுத்த காலம் 2 வருடம். அந்த ஐயா உறுதியைத் தூக்கிக்கொண்டு வந்தது 2019 இல்.

எங்கள் ஐயா, சட்டத்தரணியைத்தான் சொல்கிறேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு "வேறு வழி பார்ப்போம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த வயதானவருடைய ஊரில் ஒரு ஆள் 2017 இல் ஒரு மேசையோடு இருந்திருந்தால் போதும். கொழும்பில் சட்டம் அடித்தவர்கள் அதை மூன்று மொழியிலும்தான் அடித்தார்கள். வாசித்துச் சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை.

அந்த வருடமே தொடங்கினோம். நான், பிரதேச செயலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு காணி உத்தியோகத்தர், கிண்ணியாவில் இருந்து ஒரு தங்கச்சி. புதன்கிழமை நகரத்தில், செவ்வாய்க்கிழமை கிண்ணியாவில், மாதத்தில் இரண்டு நாள் மூதூர் பக்கம். முதல் மூன்று வருடத்துக்கு வெளியில் இருந்து ஒரு திட்டக் காசு கிடைத்தது. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். பிழை அவர்களில் மட்டும் இல்லை. எதற்கு எவ்வளவு கேட்பது என்று எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பாதீட்டில் துண்டுப்பிரசுரத்துக்குப் பெரிய தொகை இருந்தது. ஐயாயிரம் அடித்தோம், தாபரிப்பு வழக்கு பற்றி, அதாவது மனைவி பிள்ளைகளின் வாழ்க்கைச் செலவுக்குக் காசு கேட்கும் வழக்கு, பளபளப்புத் தாளில், நாலு நிறத்தில். பெட்டிகளை விறாந்தையில் அடுக்கியிருந்தோம். திருகோணமலையைத் தெரிந்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று தெரியும். மான்! கோட்டைப் பக்கத்து மான்கள் நகரத்துக்குள் ஆடு மாதிரித்தான் திரியும், பொலித்தீனையே மெல்லுகிற சாதி. ஒரு காலை வந்து பார்க்கிறேன், பெட்டி ஒன்று கிழிந்து கிடக்கிறது, ஒரு கொம்பன் தாபரிப்புச் சட்டத்தை ஆறுதலாக அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. வாசித்தவர்களைவிட அதுதான் முழுசாக உள்ளே எடுத்தது என்று எங்கள் தங்கச்சி இன்னும் சொல்லிச் சிரிப்பாள். மிச்சத்தை மாரிமழை பார்த்துக்கொண்டது.

ஃபோன் ரீலோடுக்கு மட்டும் அந்தப் பாதீட்டில் ஒரு சதம் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் அது உறைத்தது. மேசை இல்லை, பஸ் இல்லை, இருந்தது என் பழைய ஃபோன் ஒன்றுதான். அந்த மாதங்களில் எங்களைப் பிடித்தவர்கள் முழுப்பேரும் அதில்தான் பிடித்தார்கள். காசு போட்டது என் கணவர். ஆகவே இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: பாதீடு எழுதும்போது ஃபோனை மேலே எழுதுங்கள், அடுத்ததாகப் பஸ் காசை, பிறகு இருக்கிற ஆளின் சம்பளத்தை. அச்சடிப்பு கடைசி. அடித்தாலும் சாதாரணத் தாளில் நூறு நூறாக, கீழே மாதமும் வருடமும் போட்டு அடியுங்கள். சட்டம் மாறும், பழைய தாள் ஊரில் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய தகவலை நம்பி ஒருவர் தவணையை விட்டால், சட்டமே தெரியாமல் இருந்ததைவிட மோசம்.

2022 இல் திட்டம் முடிகிற நேரமும் நாடு விழுகிற நேரமும் ஒன்றாக வந்தன. எங்கள் ஒப்பந்தம் ரூபாயில். வருடத் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபாயை ஒட்டி நின்றது, மே மாதத்தில் 350 ஐத் தாண்டிவிட்டது. கொப்பித் தாளின் விலை மூன்று மடங்கு, டீசல் வரிசையில் பஸ்களும் நின்றன. இனி ஒப்பந்தம் எழுதினால் விலை ஏறினால் மீளப் பேசலாம் என்று ஒரு வரியாவது போட்டுக்கொள்வோம் என்று அப்போதுதான் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் சொன்னார். நல்ல யோசனை, ஆனால் எழுத ஒப்பந்தம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. அரசாங்கம் செய்கிற வேலைதானே இது? சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, திருகோணமலையிலும் அதற்கு நிலையம் இருக்கிறது, வருமானம் குறைந்தவருக்கு இலவசமாகச் சட்டத்தரணி வைத்து வழக்கும் பேசும். நாங்கள் அதற்குப் போட்டி இல்லை. நாங்கள் அனுப்பாவிட்டால் பாதிப்பேர் அந்தப் படியை மிதிக்கவே மாட்டார்கள், அவ்வளவுதான். எந்தக் கடதாசியை எடுத்துப்போவது என்று தெரியாமல் போய், திரும்பி வந்து, இரண்டாம் முறை பஸ் காசு இல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேர். நாங்கள் செய்வது அந்தப் பையைப் பிரித்து அடுக்கிக் கொடுப்பது.

ஆணைக்குழுவாலோ எந்தச் சட்டத்தரணியாலோ வந்து நிற்க முடியாத இடங்களும் இருக்கின்றன. கிண்ணியா மேசையில் நான் கற்ற பாடம் அது. முஸ்லிம் விவாகரத்து, பிள்ளைத் தாபரிப்பு எல்லாம் காதி நீதிமன்றத்துக்குப் போகும். 1951 ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே சட்டத்தரணி தோன்றி வாதாட முடியாது. பணக்காரிக்கும் இல்லை, ஏழைக்கும் இல்லை. ஒரு ராத்தா சொன்னார், "அவருக்கு நானா, மாமா எண்டு நாலு பேர் வந்து கதைச்சாங்க. எனக்கு எண்டு நான் மட்டும்தான்." அவருக்கு ஒரு கோடி ரூபாய் சட்ட உதவி நிதி இருந்தாலும் என்ன? அவருக்குத் தெரியவேண்டியிருந்தது, தாபரிப்புக் கட்டளையை எழுத்தில் கேட்டு வாங்கலாம், காசு கட்டாமல் விட்டால் காதியார் அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி அறவிடலாம், தீர்ப்புப் பிடிக்காவிட்டால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு இருக்கிறது என்பதுதான். தகவல் மட்டும்தான் அந்தக் கதிரையில் அவரோடு போய் இருக்கும். இணக்கசபையும் அப்படித்தான் என்று மேலே சொன்னேன். காசு தருகிறவர்களிடம் பேசும்போது நான் இப்போது இந்த இரண்டையும்தான் முதலில் எடுக்கிறேன். "சட்டத்தரணிக்கே நேரடியாகக் காசு கொடுக்கலாமே" என்ற கேள்வி அதோடு நின்றுவிடும்.

திட்டக் காசு நின்ற பிறகு நாங்கள் செய்த முதல் மடைத்தனம் உண்டியல். விருப்பம் என்றால் போடுங்கள், விருப்பம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று ஒட்டி மேசை மூலையில் வைத்தோம். மூன்றாம் கிழமை ஆட்கள் குறைந்தார்கள். காரணம் விளங்கவில்லை. பிறகு பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார்: ஒரு கிழவி கடையில் நின்று இருபது ரூபாய் மாற்றக் கேட்டிருக்கிறார், உண்டியலில் போட. மாற்றக் காசு இல்லை என்றதும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அன்றே தூக்கி அலுமாரிக்குள் வைத்தேன். மேசையில் காசு கண்ணில் படக்கூடாது. போட்டோக்கொப்பிக்கும் அப்படித்தான், கடைக்காரரோடு மாதக் கணக்கு, ஆளிடம் வாங்குவதில்லை.

அடுத்ததாக வெளிநாட்டுச் சொந்தங்களைப் பிடித்தோம். ரொறொன்ரோவில் என் மச்சாள் ஒருத்தி சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். காசு கேட்டு எடுத்தால் அவள் எனக்கு ஒரு பாடம் எடுத்தாள், அதுவும் பிரயோசனமான பாடம். ஒன்ராறியோவில் சட்டத்தரணிமார் கட்சிக்காரரின் காசைக் கொஞ்சநாள் வைத்திருப்பார்கள் அல்லவா, வீடு வாங்க விற்க என்று, எல்லாருடையதும் கலந்து கிடக்கும் அந்தக் கணக்கின் வட்டி கட்சிக்காரருக்கும் போகாது, சட்டத்தரணிக்கும் போகாது. 1974 இல் உண்டாக்கிய ஒரு சட்ட அறக்கட்டளைக்குப் போகும். அதில் நூற்றுக்கு 75 பங்கு சட்ட உதவிக்கு, மிச்சத்தில் சாதாரண மனிதருக்குச் சட்டத்தை எளிய மொழியில் விளக்குகிற அமைப்புகளுக்கும் கிடைக்கும். அமெரிக்காவில் 1981 இல் புளோரிடாவில் தொடங்கி மற்ற மாநிலங்களும் இதே வேலையைச் செய்கின்றன. கனடாவின் தீர்ப்புகளை இலவசமாக வாசிக்கத் தரும் தளத்துக்கு வேறு வழி: நாட்டின் சட்டத்தரணிமார் தங்கள் சங்கங்களுக்குக் கட்டும் காசில் இருந்து ஆளுக்கு இவ்வளவு என்று போகிறது.

கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. ஆனால் அவளே இன்னொன்றும் சொன்னாள். 2020 இல் வட்டி வீதம் விழுந்தபோது அந்த வரவும் விழுந்தது. ஆட்களுக்கு உதவி ஆகக் கூடுதலாகத் தேவைப்பட்ட வருடத்தில்தான் காசு குறைந்தது. எங்கள் ரூபாய்க்கு 2022 இல் நடந்த அதே கதை. எந்தக் குளத்துக்கும் ஒரு வறட்சி வரும், ஒரே குளத்தை நம்பி விதைக்காதே என்று அந்த ஃபோனில் இருந்து எடுத்துக்கொண்டேன்.

அவள் சேர்த்து அனுப்பிய காசு ஒரு வருடம் ஓடியது. அதிலும் ஒரு முள். அனுப்பியவர்களில் சிலர் "எங்கட ஊர்ச் சனத்துக்கு மட்டும்" என்றார்கள். திருகோணமலையில் ஒரு மேசையைப் போட்டுவிட்டு, வருகிற ஆளிடம் நீ எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்டால், அடுத்த கிழமை மேசை இருக்காது. மொறவெவவில் இருந்து ஒரு சிங்களக் குடும்பமும் காணி அனுமதிப்பத்திரத்தோடு வருகிறது. கேள்வி அதேதான், அப்பா பின்னுரித்தாளியை, தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, பதியாமல் செத்துவிட்டார், இனி என்ன. அந்தச் சிலருடைய காசைத் திருப்பி அனுப்பினோம். மச்சாள் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

வேண்டாம் என்று சொன்ன காசுகள் இன்னும் இரண்டு. ஒன்று தேர்தலுக்கு நின்ற ஒருவருடையது, பென்னரில் தன் படம் வேண்டுமாம். அது லேசான முடிவு. மற்றது கஷ்டம். கடன் கொடுக்கும் ஒரு கம்பனி. ஒரு வருடச் செலவு முழுவதையும் தருவதாகச் சொன்னார்கள், மரியாதையான ஆட்கள், கடிதமும் தமிழில் பிழையில்லாமல். ஆனால் எங்கள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தால் பெண்களின் கேள்விகளில் முதலிடம் நுண்கடன். கிழமைக் காசு கட்ட முடியாதவளின் முற்றத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, பொலிசுக்குப் போவோம் என்று வெருட்டுகிறவர்கள். கடன் கட்டாமல் விடுவது குற்றம் இல்லை, அது சிவில் விசயம், அதற்காக உன்னைப் பிடித்துக்கொண்டு போக முடியாது என்று சொல்வதே எங்கள் வேலையில் பெரும்பங்கு. அந்தக் கம்பனி அப்படிச் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களின் பெயர் எழுதிய மேசையில் இருந்துகொண்டு அந்த வசனத்தைச் சொன்னால் யார் நம்புவது? இரண்டு இரவு நித்திரை இல்லை. அந்த மாதம் தங்கச்சிக்குச் சம்பளம் பாதிதான் கொடுத்திருந்தேன். வேண்டாம் என்று எழுதினேன், காரணம் எழுதவில்லை.

படக் கதையையும் சொல்லவேண்டும். திட்டக் காசு இருந்த காலத்தில், பயனாளி ஒருவரின் படமும் அனுபவமும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த நாட்களில் எங்களிடம் வந்த ஒரு பிள்ளை, கணவனின் அடி தாங்காமல் வந்தவள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு அவளே விண்ணப்பிக்கலாம் என்பதை எங்களிடம்தான் அறிந்தாள், எடுத்தாள். நல்ல கதை, படத்துக்கு ஏற்ற கதை. நான் மடைச்சி, அவளிடம் கேட்டும்விட்டேன். அவள் மறுக்கவில்லை. "நீங்க உதவி செஞ்சீங்கதானே அக்கா" என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது: அவள் சம்மதிக்கவில்லை, கடன் அடைக்கிறாள். படம் எடுக்கவில்லை. அன்றிலிருந்து புத்தகத்தில் பெயர் எழுதுவதையே விட்டோம். திகதி, பிரதேச செயலகப் பிரிவு, ஆணா பெண்ணா, கேள்வி என்ன, எங்கே அனுப்பினோம், எத்தனை நிமிடம். அவ்வளவுதான்.

அந்த நிமிடக் கணக்குத்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. தற்செயலாகப் போட்ட நிரல். ஒரு நாள் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒரு வருடப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தார். வந்தவர்களில் பாதிக்கும் கூடுதலானவர்களுக்கு நீதிமன்றமே தேவைப்படவில்லை. ஒரு கடிதம், ஒரு படிவம், சரியான ஒபிஸின் பெயர், சில நேரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. "உங்கட விண்ணப்பம் பரிசீலனையில்" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, அந்தப் படிவம் போனால் 14 வேலை நாளைக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வந்தாகவேண்டும். ஏழைக்குக் கிடைத்த நல்ல கத்தி, ஆனால் பிடிக்கத் தெரியவேண்டும். இந்தக் கூட்டலை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால், எதிரில் இருப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் விசயம் விளங்குகிறது.

யாரிடம் கொண்டுபோனோம் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கே பிடித்த பகுதி. மரண உதவிச் சங்கங்களிடம். ஊருக்கு ஊர் இருக்கும், மாதச் சந்தா கட்டினால் வீட்டில் சாவு விழும்போது கூடாரம், கதிரை, பெட்டிச் செலவு பார்க்கும் சங்கம். வெளிநாட்டுக் காசையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தெரியவே இல்லை. தற்செயலாக நடந்தது. நிலாவெளிப் பக்கம் ஹோட்டலில் வேலை செய்தவர் ஒருவர் இறந்து, மனைவி எட்டு மாதம் கழித்து எங்களிடம் வந்தார், மரணச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழைக்காக. பையில் கிடந்த பழைய சம்பளத் துண்டைப் பார்த்தேன். ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது. சம்பளத்தில் 8 வீதம் அவருடையது, 12 வீதம் முதலாளியுடையது, எத்தனையோ வருடமாகச் சேர்ந்து கிடக்கிறது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கணவர் "பிடிக்கிறாங்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தக் காசு வந்து சேர்ந்தபோது அவர்களின் சங்கத் தலைவர் என்னைத் தேடி வந்தார். "பிள்ளை, நாங்கள் முப்பது வருசமாக் கூடாரம் மட்டும்தான் குடுக்கிறம். இதையும் குடுக்கலாம் போல கிடக்கே."

அப்படித்தான் தொடங்கியது. சந்தாவோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் பத்து ரூபாய். இப்போது ஏழு சங்கம், அதில் ஒன்று கிண்ணியாவில் மீனவர்களுடையது, ஒன்று பள்ளிவாசலோடு சேர்ந்தது. பெரிய காசு இல்லை. ஆனால் மாதாமாதம் வரும், அறிக்கை கேட்காது, ஒரு சங்கம் கோபித்துக்கொண்டு நின்றாலும் மற்றது நிற்கும். அந்தச் சில்லறையில் ஃபோனும் பஸ்ஸும் தங்கச்சியின் சம்பளமும் போகின்றன. கூட்டத்தில் வரும் சண்டை ஒன்றுதான்: "எங்கட காசில சங்கத்தில இல்லாதவைக்கும் ஏன் பாக்கிறியள்?" ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். ஆள் பார்த்து மேசை போட முடியாது என்று ஒவ்வொரு வருடமும் அதே பதிலைச் சொல்கிறேன். போன வருடம் எனக்கு முதலே ஒரு கிழவர் எழும்பி, "சாவுக்கும் ஆள் பாத்தே கதிரை குடுக்கிறம்?" என்று கேட்டார். நான் தப்பினேன்.

சட்டத்தரணிமாரைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் முறைத்தார்கள், சிலர் நேரடியாகவே, சட்டம் படிக்காதவள் சட்டம் சொல்கிறாள் என்று. அதில் நியாயம் இருந்தது. ஆகவே கோடு கீறிக்கொண்டோம். சட்டம் என்ன சொல்கிறது, எங்கே போகவேண்டும், எத்தனை நாள் என்று சொல்வோம். "நான் வழக்குப் போடவா, வெல்லுவேனா, கையெழுத்து வைக்கவா" என்ற கேள்வி வந்தால் வாயை மூடிக்கொண்டு ஆணைக்குழுவுக்கோ சட்டத்தரணிக்கோ அனுப்புவோம். அந்தக் கோட்டைப் பெரிய எழுத்தில் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம், முக்கியமாக எனக்காக, எனக்குத்தான் வாய் நிற்காது. ஒரு வருடம் போனபின் அவர்களே மாறினார்கள். நாங்கள் அனுப்புகிற ஆள் கடதாசிகளைத் திகதிவாரியாக அடுக்கிக்கொண்டு, தன் கதையை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போகிறார். சட்டத்தரணிக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம். இப்போது மூன்று பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காசில்லாமல் வருகிறார்கள். காசாகத் தா என்று கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டார்கள்.

கணக்கு மட்டும் இன்னும் தலையிடி. சங்கக் காசு என்பதால் ஒவ்வொரு மாதமும் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டுகிறோம். ரீலோட் அட்டை வரை எழுதவேண்டும். வருகிறவர்களிடம் ஒன்றும் வாங்குவதில்லை என்பதும் அதே தாளின் தலைப்பில் இருக்கிறது.

போன சிறுபோக அறுவடை முடிந்த ஒரு புதன்கிழமை வெருகல் அம்மா திரும்ப வந்தார், ஊரில் இருந்து இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு. அவள் கையில் ஒரு கடிதம், அதுவும் சிங்களத்தில். "பயப்பிடாத, மிஸ் வாசிப்பா" என்று அவளைக் கதிரையில் இருத்திவிட்டு, மடியில் இருந்த பையை மேசையில் வைத்தார். ஒரு சட்டித் தயிர். அந்த நெல்லைத் தின்ற மாடுகளின் வாரிசுகளுடையதாம். வாங்குவதில்லை அம்மா என்றேன். காதில் விழாத மாதிரிப் பழைய பஸ் டிக்கட்டால் விசிறிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் சனிக்கிழமைச் சட்டத்தரணி ஒருவரும் வேறு அலுவலாக வந்திருந்தார், எல்லாருமாகத்தான் சாப்பிட்டோம்.

மாதக் கடைசியில் பொருளாளர், அதுதான் எங்கள் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், பேனையை வைத்துக்கொண்டு யோசித்தார். விலை போடவா, நன்கொடை என்று போடவா என்று கேட்டார். பிறகு அவரே எழுதினார். அந்தத் தாள் இப்போதும் கடைச் சுவரில் இருக்கிறது: "தயிர், சட்டி 1. அன்றே தீர்ந்தது. சட்டி திருப்பிக் கொடுக்கவேண்டும்."